பின் இருக்கையின் பழைய துணி

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். அதை நலம் என்றே வைத்துக்கொள். உனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. கால் வீங்குகிறது என்றாயே, உட்காரும்போதெல்லாம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொள். மாப்பிள்ளை சமைக்கிறார் என்று கேட்டு எனக்கு நிம்மதி. உப்பு கூடினாலும் குறைந்தாலும் வாயைத் திறக்காதே. ஒரு தடவை குறை சொன்னால் போதும், கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்பார். சில விஷயங்களை அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பட்டறைக்குப் புதுப்பிக்க ஒரு வண்டி வந்திருக்கிறது. லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, நாலு டயரும் தரையோடு ஒட்டிக் கிடக்கக் கொண்டுவந்து இறக்கினார்கள். பழைய காலத்துக் கறுப்பு லிமோசின். நம் வீட்டுக் கூடத்தில் நிறுத்தினால் மூக்கு வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவு நீளம். முன்னால் டிரைவர், பின்னால் முதலாளி, நடுவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி. பின்னால் இருப்பவர் பேசுவதற்கு ஒரு குழாய் உண்டு, அதன் மறுமுனை டிரைவர் காதருகில் இருக்கும். நடுவில் இரண்டு மடக்கு இருக்கைகள். ஒன்றுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை, எஞ்சின் இறுகிப்போய்விட்டது, முலாம் எல்லாம் உரிந்து கிடக்கிறது. ஆனாலும் அப்பாவுக்குப் பிறகு இப்போது பட்டறையை நடத்தும் நம் பட்டறைத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டார்.

நம் ஊர்ப் பெரிய ஓட்டலின் வண்டி அது. இருபது வருடமாகக் கிடங்கில் கிடந்ததாம். ஓட்டலுக்கு எழுபதாவது வருடம் வருகிறது, அதற்குள் புதுசு மாதிரி ஆக்கி முகப்பில் நிறுத்த வேண்டுமாம். முதலாளிக்கு எண்பத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் அவரைக் கையுறைக்காரர் என்றுதான் சொல்வோம். காலையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து வண்டியின் மேல் ஒரு விரலை இழுப்பார். விரலில் தூசி ஒட்டினால் அன்றைக்கு டிரைவருக்கு நல்ல நேரம் இல்லை.

சொல்வோம் என்று எழுதிவிட்டேன். ஆமாம், உன் அப்பா அந்த வண்டியை ஆறு வருடம் ஓட்டினார். நீ பிறப்பதற்கு முன்பு. ஓட்டல் கார்க் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் குடியிருந்தோம். அப்பா எப்போதும் தண்ணி லாரிதான் ஓட்டினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாங்கள்தான் அப்படி நினைக்க விட்டோம்.

தார்ப்பாயை எடுப்பதற்கு முன்பே, பின் விளக்கு ஒன்று வெளியே தெரிந்தது. அதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வண்டியில் நான் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். போக வேண்டிய இடம் வரைக்கும் போகவில்லை.

சீட் வேலை முழுக்க என்னுடையது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாய். விசா கொஞ்சம் இழுக்கும் போலிருக்கிறது. பார்க்கலாம்.

வயிற்றில் இருக்கும் பிள்ளையோடு நீ சுகமாக இரு.

அம்மா


ஏப்ரல் 27

அன்பு மகளுக்கு,

நாள் நெருங்கிவிட்டது. பையைக் கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்று மாப்பிள்ளை சொன்னார். நல்லது. இரண்டு நாள் முன்னதாகவே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துகொண்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

இங்கே எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. தரைத் தகடு மாற்றியாயிற்று. பெயிண்டர் ஒன்பதாவது பூச்சு அடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். யாராவது பக்கத்தில் தும்மினால் அடிக்க வருகிறார்.

நான் பின் இருக்கையைப் பிரித்தேன். மேலே பழுப்புத் தோல். ஓர ஆணிகளைப் பிடுங்கித் தோலைத் தூக்கினால் அடியில் பழைய சாம்பல் நிறக் கம்பளித் துணி அப்படியே இருக்கிறது. அந்தத் தோல் போட்ட காலத்தில், பழைய சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு செய்யச் சொல்லித்தான் முதலாளி உத்தரவு. எனக்கு அது நன்றாகத் தெரியும். செய்தவன் சோம்பேறி, துணிக்கு மேலேயே தோலை அடித்து மூடிவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஆள் உயிரோடு இருந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

துணியின் இடப்பக்கம் ஒரு கறை இருக்கிறது. தலையணை அகலம். துணியைத் தாண்டிக் குதிரைமுடி வரை இறங்கி, காய்ந்து, முடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகக் கிடந்தது. இத்தனை வருடம் கையுறைக்காரரும் அவருடைய விருந்தாளிகளும் அதன் மேல்தான் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பட்டறைத் தம்பி, "என்னக்கா, தனியா சிரிக்கறீங்க?" என்று கேட்டார். எலிக்குட்டி என்று சொல்லிவிட்டேன். என்ன கறை என்று நீ இப்போது கேட்காதே. பிள்ளை பிறக்கட்டும்.

உன் அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. எஞ்சினை ஓடவிட்ட அன்று மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். சத்தம் கேட்டதும் கேட் அருகிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல உள்ளே வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை. என்ன செய்தார் தெரியுமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து முன் விளக்கைத் துடைத்தார். அந்த விளக்கை, அந்த மனிதர், துண்டால். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. கீழே வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். அன்று சாப்பாட்டைத் திறக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. ஒரு நாள் இருக்கையின் வலப்பக்கம், கையுறைக்காரர் உட்காரும் இடத்தில், பஞ்சுக்குள் ஏழு நீள ஊசிகளை நுனி மேலே பார்க்கச் செருகிவைத்தேன். ஆறு மாதம் உட்கார்ந்து உட்கார்ந்து பஞ்சு அமுங்கியதும் ஒவ்வொன்றாக மேலே வரும். நல்ல வேலைப்பாடு. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் காலையில் நானே பிடுங்கிவிட்டேன். இரக்கப்பட்டு இல்லை. அந்த வலி அவருக்குக் காணாது.

போன வாரம் அவரே வந்தார். கைத்தடி, பக்கத்தில் மகள். மகள்தான் இப்போது ஓட்டலை நடத்துகிறாள், ஐம்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசுகிறாள். அவர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு நான் தைத்த இருக்கையின் மேல் விரலை இழுத்தார். விரலைப் பார்த்தார். "யார் வேலை?" என்றார். "என்னோடதுதாங்க" என்றேன். தலையை ஆட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்திலும் அவர் வேலைக்காரர்கள் முகத்தைப் பார்த்ததில்லை.

பழைய துணியில் பெரிய கறை இருந்தது, எப்படி வந்தது என்று தெரியுமா என்று கேட்டேன். "முன்ன ஒரு டிரைவர் இருந்தான். குடிகாரப் பய. எதையோ கொட்டித் தொலைச்சிட்டான். அன்னிக்கே துரத்திட்டேன்" என்றார்.

உன் அப்பா குடித்து நீ பார்த்திருக்கிறாயா? இருமல் மருந்துக்கே முகத்தைச் சுளிக்கிற மனிதர். எத்தனை முதலாளிகள் வாசலில் போய் நின்றார், எங்கேயும் கார் ஓட்டும் வேலை கிடைக்கவில்லை. ஏனென்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை. இப்போது புரிந்துவிட்டது.

அவர் மறந்திருந்தால்கூட விட்டிருப்பேனோ என்னவோ. மறக்கவில்லை. மாற்றி வைத்திருக்கிறார்.

விசா இன்னும் வரவில்லை கண்ணு. என்னை எதிர்பார்க்காதே. வலி எடுத்தால், வழியில் யார் கை காட்டினாலும், எது குறுக்கே வந்தாலும், ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை காரை நிறுத்தக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். சிரிக்காமல் கேட்டுக்கொள்ளச் சொல்.

தாயும் பிள்ளையும் இரண்டாக, முழுசாக வீடு திரும்புங்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அம்மா


ஜூன் 30

அன்பு மகளுக்கு,

பேத்தியின் படம் வந்தது. மூக்கு மாப்பிள்ளையுடையது, முறைப்பு என்னுடையது. நாற்பது நாள் ஆகட்டும், உன் உடம்பு தேறட்டும் என்று காத்திருந்தேன். இந்தக் கடிதத்தைப் பிள்ளை தூங்கும்போது உட்கார்ந்து படி. மாப்பிள்ளையும் படிக்கலாம்.

உனக்கு ஒரு அண்ணன் இருந்தான்.

முப்பத்துமூன்று வருடத்துக்கு முன், பகல் இரண்டு மணிக்கு எனக்கு வலி எடுத்தது. நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். உன் அப்பா அப்போதுதான் வண்டியைக் கழுவித் துடைத்து, உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டே முக்காலுக்கு முதலாளியைப் பேங்க் வாசலில் ஏற்றிக்கொண்டு, மூன்று மணி ரயிலுக்கு ஸ்டேஷன் போக வேண்டும். யாரோ பெரிய விருந்தாளி வருகிறார். என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து அவரை ஏற்றிக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது என்று அப்பா கணக்குப் போட்டார். என்னைத் தூக்கிப் பின் இருக்கையில் படுக்க வைத்தார். நடுக் கண்ணாடி மூடியிருந்தது, அவசரத்தில் இறக்கத் தெரியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு "வேகமா போங்க, வேகமா போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருடைய கழுத்தின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

பேங்க் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில்தான் இருக்கிறது. முதலாளி வேலை முடிந்து முன்னதாகவே வெளியே வந்து படியில் நின்றிருந்தார். தன் வண்டி வருவதைப் பார்த்தார். கையைக் காட்டினார். வண்டி நின்றுவிட்டது.

அவரே கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பனிக்குடம் உடைந்து இருக்கை நனைந்திருந்தது. இரத்தமும் வந்துகொண்டிருந்தது. கையுறையால் மூக்கை மூடிக்கொண்டு, "இறக்கு" என்றார். அப்பா ஏதோ சொன்னார். "ரயிலுக்கு நேரமாச்சு. இறக்குடா" என்றார் மறுபடி. அப்பா என் கையைப் பிடித்து இறக்கினார். படியில் உட்கார வைத்தார். "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார். முதலாளி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். வண்டி போய்விட்டது.

பக்கத்து சலவைக் கடைக்காரி ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வாடகை வண்டி ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் மூட்டை வண்டி இழுக்கும் ஒருவர் மூட்டைகளை நடுரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டு என்னைக் கைவண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரி கேட்டுக்கு இருபது அடி இருக்கும்போது பிறந்தான். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழவில்லை. அரை மணி முன்னால் வந்திருந்தால் உயிரோடு எடுத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அரை மணியை நான் பேங்க் படியில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அப்பா ஐம்பது நிமிடம் கழித்து வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. மறுநாள் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். சீட்டை நாசம் செய்தாராம். சொன்னபடி என்னை இறக்கியும் விட்டார், வேலையும் போயிற்று. பட்டறைத் தம்பியின் அப்பா என்னைச் சீட் தைக்கச் சேர்த்துக்கொண்டார், அப்பா தண்ணி லாரிக்குப் போனார். அடுத்த நாலு வருடத்தில் நீ வந்தாய். நானும் அப்பாவும் ஏன் எப்போதும் அளந்து அளந்து பேசிக்கொள்கிறோம் என்று சின்ன வயதில் ஒரு தடவை கேட்டாய். இதனால்தான்.

கையுறைக்காரர் பட்டறைக்கு வந்துபோன வாரத்து ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்ததும் அந்தத் துணியை எடுத்து மேசை மேல் விரித்தேன். அப்பா பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை. முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன், ஏன் வண்டியை நிறுத்தினீர்கள் என்று.

துணியின் ஓரத்தைப் பிடித்து நேராக்கினார். பிறகு, "நான் நிறுத்தல. அவர் கையைக் காட்டினார், என் கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு. நிறுத்தணும்னு நான் நினைக்கவே இல்ல. கால் நிறுத்திடுச்சு" என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். "அந்த விருந்தாளி அன்னிக்கு வரவே இல்ல. ரயில் வந்துச்சு, ஆள் இல்ல. பிளாட்பாரம் பூரா தேடிட்டு வரச் சொன்னார். தேடினேன்." இதை இத்தனை வருடமும் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். என்னால் தாங்க முடியாது என்று நினைத்தாராம். எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்துவைத்த பாத்திரங்கள்.

அன்றுதான் முடிவு செய்தேன். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். வண்டி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேலையையும் படம் எடுத்து ஆல்பத்தில் ஒட்டி, பழைய துணியிலும் தோலிலும் ஒரு மாதிரித் துண்டு வெட்டிவைத்து, கீழே விவரம் எழுதுவோம். கையெழுத்து நன்றாக இருப்பதால் எப்போதும் நான்தான் எழுதுவது. வண்டியோடு அந்த ஆல்பமும் போகும். விழாவில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் திறந்து வைப்பார்கள், வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள்.

முப்பத்தோராம் பக்கத்தில் அந்தக் கறைத் துணியை ஒட்டினேன். கீழே எழுதினேன்: "பின் இருக்கை, இடப்பக்கம். அசல் துணி. கறை: பிரசவ வலியில் இருந்த டிரைவரின் மனைவியுடையது. முதலாளியின் உத்தரவுப்படி பேங்க் வாசலில் இறக்கிவிடப்பட்டாள். வண்டி ரயில் நிலையம் சென்றது. விருந்தாளி அன்று வரவில்லை. ஆண் குழந்தை, கைவண்டியில் பிறந்தது. உயிர் இல்லை. டிரைவர் குடிப்பழக்கம் இல்லாதவர்." தேதியும் போட்டேன். மற்றப் பக்கங்களில் துருவைப் பற்றியும் முலாமைப் பற்றியும் எப்படி எழுதினேனோ அதே மாதிரிதான் எழுதினேன்.

ஒப்படைப்பதற்கு முன் பட்டறைத் தம்பி ஆல்பத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். இரண்டு தடவை படித்தார். அவர் பட்டறை, அவர் பெயர். கிழித்தெறிந்தால் நான் என்ன சொல்ல முடியும்? அவர் பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஓரம் தூக்கிட்டு நிக்குது அக்கா. இன்னும் கொஞ்சம் பசை தடவுங்க" என்றார். அவ்வளவுதான்.

விழா அன்று காலை, பட்டறையிலிருந்து ஓட்டல் வரை வண்டியில் ஏறிப்போக வேண்டும் என்று கையுறைக்காரருக்கு ஆசை. மகளும் பட்டறைத் தம்பியும் முன்னால் வேறு காரில் போய்விட்டார்கள். அந்த வண்டியின் இரண்டாவது கியரைப் போட ஒரு பக்குவம் வேண்டும், உன் அப்பாவைத் தவிர யாருக்கும் பிடிபடவில்லை. ஓட்டலிலிருந்து உடுப்பும் தொப்பியும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். போட்டுக்கொண்டார். நான் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் கையுறைக்காரர். நடுவில் கண்ணாடி. ஓட்டுவது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் கேட்கவில்லை.

பேங்க் வந்தது. இப்போது கண்ணாடிக் கதவு, ஏடிஎம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். படி அதே நாலு படிதான். உன் அப்பா வண்டியை நிறுத்தினார். என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை, சத்தியமாக. இறங்கினார், பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் கதவைத் திறந்து நின்றால் இறங்கித்தான் அந்த மனிதருக்குப் பழக்கம். இறங்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஓட்டல் இல்லையே இது" என்றார். "இல்லைங்க, பேங்க். பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார் அப்பா. கதவைச் சாத்தினார். பிறகு என் பக்கம் வந்து முன் கதவைத் திறந்து, "பின்னால ஏறு" என்றார்.

ஏறினேன். நானே தைத்த இருக்கை, இடப்பக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே கழுத்து. இப்போது சுருங்கி, வெள்ளை முடியோடு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். பேங்கிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் நாலு நிமிடம் கண்ணு. நாலே நிமிடம். மூன்று மணி ரயிலுக்கும் போயிருக்கலாம்.

கேட்டுக்கு முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்து பிடித்தார். நான் இறங்கினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "நாலு நிமிஷம்" என்றார். நான் கதவின் மேல் இருந்த அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. வழியை அடைக்கிறோம் என்று காவலாளி சத்தம் போட்டார். மறுபடி ஏறிக்கொண்டோம்.

திரும்பி வந்தபோது கையுறைக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே படியில் நின்றிருந்தார். கோட்டும் சூட்டுமாக, வெயிலில். ஆட்கள் அவரைத் தாண்டிப் பணம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களைக் கண்டதும் முதல் தடவையாக உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னுடையதை. அவர் கண்ணில் பயம் இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார். உதடு அசைந்தது. "குழந்தை..." என்று ஆரம்பித்தார். "கீழ எழுதியிருக்குங்க, படிங்க" என்றேன்.

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டலுக்குப் போனோம். முகப்பில் கேமராக்காரர்கள், மாலை, கைதட்டல். ஆல்பத்தை அவர் மார்போடு பிடித்துக்கொண்டு விடவில்லை. மகள் சிரித்துக்கொண்டே விரலைப் பிரித்து வாங்கித் தாங்கியில் வைத்தாள். அதைத் திறந்து வைத்தது அவர் மகள்தான்.

நான் ஒரு தூண் ஓரமாக நின்று பார்த்தேன். வந்தவர்கள் புரட்டினார்கள், சிரித்தார்கள், எலிக்கூட்டைக் காட்டினார்கள். முப்பத்தோராம் பக்கம் வந்ததும் கைகள் நின்றன. ஒரு அம்மாள் துணியைத் தொடப் போய் விரலை இழுத்துக்கொண்டார். படித்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து ஒரே பக்கம் பார்த்தார்கள், அவர் நாற்காலி இருந்த பக்கம். அவர் குனிந்து தன் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இனித்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு தலையும் திரும்பத் திரும்ப இனித்தது. பாவம் வயசானவர் என்று நீ நினைக்கலாம். என் பிள்ளைக்கு வயசே ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த மகள் பட்டறைக்கு வந்தாள். இதெல்லாம் நிஜமா என்று கேட்டாள். உங்கள் அப்பாவைக் கேளுங்கள் என்றேன். "கேட்டேன். இத்தனை வருஷமா டிரைவர் குடிச்சிருந்தான்னு சொன்னவர், இப்ப ஒண்ணுமே பேச மாட்டேங்கறார்" என்றாள். வண்டியில் ஏற மறுக்கிறாராம், சீட்டை மாற்றச் சொல்கிறாராம். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ஆல்பம் இப்போதும் ஓட்டல் கூடத்தில் அதே பக்கத்தில் திறந்து கிடக்கிறது. போன வாரம் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி சொல்ல வேண்டியது ஒன்று. விசா எனக்கு மார்ச் மாதமே வந்துவிட்டது. அலமாரியில்தான் இருந்தது. அந்த இருக்கையை வேறு யாரும் பிரிக்க விட மனம் வரவில்லை; துணி கிடைத்த பிறகு, நான் கிளம்பிவிட்டால் அதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால் இருந்துவிட்டேன். நீ பதினெட்டு மணி நேரம் வலியில் கிடந்தாய், அம்மா அம்மா என்று கூப்பிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னபோது, நான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவை அன்று எந்த வண்டி இழுத்துக்கொண்டு போயிற்றோ, என்னையும் அதே வண்டிதான் பிடித்து வைத்துக்கொண்டது. போனை வைத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அவரிடம் முப்பத்துமூன்று வருடம் கேட்காமல் வைத்திருந்த கணக்கை இனி எந்த முகத்தோடு கேட்பேன்? நீ என்னிடம் கோபப்பட வேண்டுமானால் படு. நியாயம்தான்.

அப்பாவை மன்னித்துவிட்டேனா என்று மட்டும் கேட்காதே. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன். அவ்வளவுதான் இப்போதைக்கு.

அடுத்த மாதம் பத்தாம் தேதி நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். உன் அப்பா பிள்ளையைத் தூக்கக் கையை நீட்ட மாட்டார். உன்னையே மூன்று மாதம் வரை அவர் தொடவில்லை. கூச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்ல விட்டேன். சுவரோரமாக நின்று எட்டிப் பார்ப்பார். நீ ஒன்றும் கேட்காதே, இந்தக் கடிதத்தைப் பற்றியும் பேசாதே. பிள்ளையைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்துவிடு. வைத்துவிட்டு உள்ளே போய்விடு. நானும் உன்னோடு உள்ளே வந்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் அவர்கள் இருவரும் தனியாக இருக்கட்டும்.

என் பேத்தி நிறைய அழட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வருகிறேன்.

அம்மா